பல்கலைக்கழகத்தில் பிள்ளைக்குக் கிடைக்கும் அறை

பிள்ளைக்குப் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்துவிட்டது என்றால் தோட்டமே கொண்டாடுகிறது. தகரப் பெட்டி போய்ச் சக்கரம் வைத்த பெட்டி வந்துவிட்டது. மற்றபடி பரபரப்பு பழையதுதான். கட்டணம் எவ்வளவு, படிப்புக் கடன் எப்போது கைக்கு வரும், வாளியும் போர்வையும் யார் வாங்குவது, யாருடைய வேனில் போவது என்று ஒரு வாரம் வீடு அமளிப்படும். பிள்ளை தங்கப்போகும் கட்டடம் எப்படிப்பட்டது என்று மட்டும் யாரும் கேட்பதில்லை. நாலு சுவர், ஒரு கூரை. அதில் கேட்க என்ன இருக்கிறது என்பீர்கள்.

நிறைய இருக்கிறது, பெற்றோரே!

அமெரிக்காவில் நியூயார்க் மாநிலத்தில் ஸ்டோனி புரூக் என்ற இடத்தில் ஒரு பல்கலைக்கழகம் உண்டு. அங்குள்ள மாணவர் விடுதிகளை ஆண்ட்ரூ பாம், ஸ்டூவர்ட் வேலின்ஸ் என்ற இரு மனநூல் ஆய்வாளர்கள் கவனித்து 1977-இல் நூலாக வெளியிட்டார்கள். ஒரு வகை விடுதியில் நீண்ட நடைவழி, அதன் ஓரமாக வரிசையாய் அறைகள். முப்பதுக்கும் மேற்பட்ட மாணவர்கள் ஒரே குளியலறையையும் ஒரே பொதுக்கூடத்தையும் பங்குபோட வேண்டும். இன்னொரு வகையில் நாலைந்து பேருக்கு ஒரு சிறு கூடமும் ஒரு குளியலறையும். ஆளுக்குக் கிடைத்த இடம் இரண்டிலும் ஏறத்தாழ ஒரே அளவுதான். ஆனாலும் நீண்ட நடைவழியில் இருந்தவர்கள்தாம் நெரிசல் தாங்கவில்லை என்றார்கள். பார்க்க விரும்பாத முகங்களை ஓயாமல் பார்க்க வேண்டியிருக்கிறது என்றார்கள். பிறகு அவர்களை வேறோர் இடத்தில், அறிமுகமில்லாத ஒருவரோடு காத்திருக்கச் செய்து பார்த்தார்கள். அங்கேயும் அவர்கள் தள்ளியே உட்கார்ந்தார்கள். முகம் பார்ப்பதைக் குறைத்துக்கொண்டார்கள். விடுதியில் பழகிய ஒதுக்கம் வெளியிலும் கூடவே வந்தது!

1980-இல் வெளிவந்த இன்னோர் ஆய்வு இதைவிட எனக்குப் பிடித்தது. சுமார் நாற்பது பேர் தங்கிய ஒரு நீண்ட நடைவழியின் நடுவே மூன்று அறைகளை எடுத்துப் பொதுக்கூடமாக்கினார்கள். கதவு வைத்து, இருபது இருபது பேராகப் பிரித்தார்கள். அவ்வளவுதான் செய்தது. அந்த மாடியில் நட்பு கூடியது, ஒதுங்குவது குறைந்தது.

நம் லயமும் நீண்ட வரிசைதானே, அங்கே யாரும் ஒதுங்கிக் கிடக்கவில்லையே என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. லயத்து வீட்டுக்கு முன்னால் அஞ்சடி இருந்தது. வேலை முடிந்து வந்தவர் அங்கே காலை நீட்டி உட்காருவார். பேச விரும்பினால் பேசுவார். விருப்பமில்லையென்றால் வெற்றிலை மடித்துக்கொண்டிருப்பார், அதையும் யாரும் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். உள்ளே வீடு, வெளியே ஊர், இரண்டுக்கும் நடுவில் அந்த ஓர் இடம். போதாக்குறைக்குப் பைப்படி வேறு. விடுதி நடைவழியில் இந்த நடு இடம் கிடையாது. கதவைத் திறந்தால் முப்பது பேர், மூடினால் ஒருவருமில்லை. (லயத்தின் ஒழுகும் கூரையைப் பாடிப் புகழ்வதாக யாரும் எண்ண வேண்டாம். அதில் வளர்ந்தவன்தான் நானும்.)

என்னிடம் படித்த ஒரு பெண்ணைப் பற்றிச் சொல்ல வேண்டும். பெயர் வேண்டாம், எந்தப் பல்கலைக்கழகம் என்பதும் வேண்டாம். முதல் பருவ விடுமுறைக்கு வந்தவள், இனிப் போகமாட்டேன் என்று உட்கார்ந்துவிட்டாள். அவள் தாயார் என்னிடம் வந்தார்.

"அறை நல்லாத்தான் இருக்கு சார். கட்டில், மேசை, காத்தாடி எல்லாம் குடுத்திருக்காங்க. பேசறதுக்குத்தான் ஆளில்லையாம். கதவைச் சாத்திக்கிட்டே கெடக்குறா."

தோட்டத்தில் ஆளுக்கொன்று சொன்னார்கள். வீட்டு ஞாபகம் என்றார்கள், செல்லம் கொடுத்துக் கெடுத்தது என்றார்கள், கொடுத்து வைக்காதவள் என்றுகூடச் சொன்னார்கள். நான் அவளிடம் கேட்டது ஒன்றுதான்: உன் அறை எங்கே இருக்கிறது? நான்காம் மாடியில் கடைசி அறை. சன்னலுக்கு எதிரே அடுத்த புளோக்கின் சுவர். சிற்றுண்டிச்சாலை மேட்டுக்குக் கீழே. விரிவுரைக்குப் பேருந்தில் போக வேண்டும். அதைவிட்டால் வெயிலில் நடை. மோட்டார் சைக்கிள் உள்ளவர்கள் பறந்துவிடுவார்கள். இவள் பொட்டலம் வாங்கி வந்து அறையிலேயே சாப்பிட்டிருக்கிறாள். வழியில் யாரையாவது தற்செயலாகச் சந்திக்கும் ஒரு மூலைகூட அவள் நாளில் இல்லை.

தற்செயல் என்பது சின்ன விஷயமில்லை. எம்.ஐ.டி. என்னும் அமெரிக்க உயர்கல்விக்கூடத்தில், மணமான மாணவர்கள் குடியிருந்த வீடுகளை ஆராய்ந்து லியோன் ஃபெஸ்டிங்கரும் இருவரும் 1950-இல் எழுதினார்கள். அங்கே அடுத்த வீட்டுக்காரர்தான் பெரும்பாலும் நண்பரானார். சில கதவு தள்ளிப் போனாலே நட்பு குறைந்தது. படிக்கட்டின் அடியிலும் தபால் பெட்டிகளுக்குப் பக்கத்திலும் இருந்தவர்களுக்கு மாடிக்காரர்களோடும் பழக்கம் ஏற்பட்டது. குணத்தைப் பார்த்து நட்பு கொள்கிறோம் என்று நினைக்கிறோம்; பாதி வேலையைப் படிக்கட்டு செய்துவிடுகிறது.

அந்தப் பெண்ணை அறை மாற்றிக் கேட்கச் சொன்னேன். அடுத்த பருவத்தில் படிக்கட்டை ஒட்டி இருவர் தங்கும் அறை கிடைத்தது. பணமுடையும் பாடமும் தந்த தொல்லை தொல்லைதான். ஆனால் படிப்பை விடவில்லை, முடித்துவிட்டாள்.

சன்னலைப் பற்றியும் ஒரு வார்த்தை. பென்சில்வேனியா மருத்துவமனை ஒன்றில் பித்தப்பை அறுவை செய்துகொண்டவர்களின் பதிவுகளை ரோஜர் உல்ரிச் 1984-இல் ஒப்பிட்டார். 23 பேரின் சன்னலில் மரங்கள், 23 பேரின் சன்னலில் செங்கல் சுவர். மரத்தைப் பார்த்தவர்கள் சீக்கிரம் வீடு திரும்பினார்கள். கடுமையான வலி மருந்தும் அவர்களுக்குக் குறைவாகவே தேவைப்பட்டது. 1995-இல் 72 பல்கலைக்கழக மாணவர்களைச் சோதித்தபோதும், விடுதிச் சன்னலில் இயற்கைக் காட்சி உள்ளவர்கள் கவனத் தேர்வுகளில் மேலாகச் செய்தார்கள். நிலைமை இப்படியிருக்க, கலிபோர்னியாவில் சாந்தா பார்பரா பல்கலைக்கழகத்துக்கு சார்லி மங்கர் என்ற பெரும் பணக்காரர் ஒரு விடுதித் திட்டம் கொடுத்தார். 4,500 மாணவர்கள், 11 மாடி, பத்தில் ஒன்பது அறைக்கும் மேல் சன்னலே இல்லை! அறை சின்னதாக இருந்தால் பிள்ளைகள் பொதுக்கூடத்துக்கு வந்து பழகுவார்கள் என்பது அவர் கணக்கு. இதை எதிர்த்து 2021-இல் கட்டடக் கலைஞர் ஒருவர் ஆலோசனைக் குழுவிலிருந்தே விலகினார். 2023-இல் திட்டம் கைவிடப்பட்டது. பழக வைக்க எண்ணியது சரி. வெளிச்சத்தைப் பிடுங்கிக்கொண்டு அதைச் செய்ய நினைத்ததுதான் கொடுமை.

நம் பக்கம் பார்ப்போம். பினாங்கில் அறிவியல் பல்கலைக்கழகம் பழைய மிண்டன் இராணுவ முகாமில் அமைந்தது. அந்த மரங்களும் திடல்களும் மாணவர்களுக்குக் கிடைத்த சீதனம். கெடாவில் சிந்தோக் வளாகம் காட்டுப் பள்ளத்தாக்குக்குள் இருக்கிறது. கண்ணுக்குக் குளிர்ச்சி, பட்டணம் தூரம், அதையும் கணக்கில் வைக்க வேண்டும். சிங்கப்பூர் நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் 2015-இல் திறந்த "ஹைவ்" கட்டடத்தில் வகுப்பறைகள் வட்டமானவை. எல்லாம் நடுவிலுள்ள திறந்த முற்றத்தைச் சுற்றி நிற்கின்றன. போகிற வருகிறவர் ஒருவரையொருவர் பார்க்கட்டும் என்றே அப்படிக் கட்டினார்கள்.

நம் பிள்ளைக்கு எது கிடைக்கும் என்பது நம் கையில் இல்லை. ஆனால் பதிவு நாளன்று பெட்டியை இறக்கியதும் கிளம்பிவிடாதீர்கள். வேன் காத்திருக்கட்டும். அறையிலிருந்து சாப்பிடும் இடம்வரை பிள்ளையோடு நடந்து பாருங்கள். சன்னலைத் திறந்து பாருங்கள். உட்காரக் கல் பெஞ்சு, நூலகத்து மரநிழல், தமிழ் மாணவர்கள் கூடும் இடம் எங்கே என்று மூத்த மாணவரிடம் கேளுங்கள். பிறகு தொலைபேசியில் "சாப்பிட்டியா?" என்பதோடு "யாரோடு சாப்பிட்டே?" என்றும் கேட்டுப் பழகுங்கள். தூக்கமும் சாப்பாடும் கெட்டு, வாழ்ந்து என்ன பயன் என்ற பேச்சு வந்தால் அது அறை மாற்றித் தீரும் காரியமல்ல. அன்றே வளாகத்து ஆலோசகரிடமோ மருத்துவரிடமோ அழைத்துப் போங்கள்.

அறை மாற்றத்துக்கு விடுதி அலுவலகத்தில் மலாயில் ஒரு பக்கக் கடிதம் கொடுக்கலாம். எழுதக் கூச்சமாக இருந்தால் பக்கத்துத் தமிழ்ப்பள்ளி ஆசிரியரைக் கேளுங்கள், எழுதித் தருவார். பருவம் தொடங்கிய முதல் வாரங்களிலேயே கொடுத்துவிடுவது நல்லது. நாளானால் நல்ல அறைகள் நிரம்பிவிடும்.