பதினாலு கிலோ பை

அண்மையில் ஒரு துண்டுப் பிரசுரம் மொழிபெயர்ப்புக்கு வந்தது. புயல், வெள்ளம் வந்து வீட்டைவிட்டுக் கிளம்ப நேர்ந்தால், சின்னக் குழந்தைகள் உள்ள குடும்பம் என்னென்ன எடுத்துவைக்க வேண்டும் என்பது விஷயம். ஆங்கிலத்தில் இரண்டே பக்கம். ஒரு மாலையில் முடித்துவிடலாம் என்று உட்கார்ந்தேன். மூன்று நாள் ஆயிற்று.

முதல் தடங்கல் தலைப்பிலேயே. 'வெளியேற்றம்' என்று போட்டால் வாடகை பாக்கி வைத்தவரைத் தெருவில் தள்ளுகிற தொனி வருகிறது. பழந்தமிழில் 'ஆற்றுணா' என்றொரு அழகான சொல் உண்டு. வழியில் உண்பதற்குக் கட்டிக்கொண்டு போகிற உணவு. இன்று யாருக்குப் புரியும்? தமிழ் எம்.ஏ. படித்த கோளாறு, இதெல்லாம் வேளை கெட்ட வேளையில் நினைவுக்கு வருகிறது. அடுத்த தடங்கல் பட்டியல். டின் உணவு, டின்னைத் திறக்க ஒரு கருவி, சீட்டுக்கட்டு, நாய்க்கு மூன்று நாள் தீனி. எந்த ஊர்க் குடும்பத்தை மனதில் வைத்து எழுதினார்கள் என்பது புரிந்துவிட்டது.

ஆனால் என் பேனா நின்றது இவற்றால் அல்ல. கடைசிப் பத்தியில் போகிறபோக்கில் ஒரு வரி: பையைக் குடும்பத்தில் ஒருவர் சிரமமில்லாமல் தூக்க முடிய வேண்டும். இது முதல் வரியாக இருந்திருக்க வேண்டும் என்பது 2019 மே 3-ம் தேதி முதல் எனக்குத் தெரியும்.

அப்போது புவனேஸ்வரில் குடியிருந்தோம். மாடியில் நாங்கள், கீழே வீட்டுக்காரத் தம்பதி. மகளுக்கு நாலு வயது, மகனுக்கு எட்டு மாதம். ஃபானி புயல் வருகிறது என்று நாலைந்து நாட்களாகவே ரேடியோ, டிவி, செல்போன் எல்லாம் அலறிக்கொண்டிருந்தன. கடலோர மாவட்டங்களிலிருந்து சுமார் 12 லட்சம் பேரை அரசு பாதுகாப்பான இடங்களுக்குக் கொண்டுபோனது. என் கணவர் வேலையாகச் சென்னை போயிருந்தார். ரயில்களை ரத்து செய்துவிட்டார்கள், திரும்ப வழியில்லை. நான் பை கட்டினேன்.

சிரத்தையாகத்தான் கட்டினேன். பால்பவுடர் டின் இரண்டு, ஃபீடிங் பாட்டில் நாலு, அவற்றை வேகவைக்கும் மின்சாரப் பாத்திரம், டயபர் ஒரு பெரிய கட்டு, இரண்டு பேருக்கும் ஆறாறு செட் துணி, படப் புத்தகங்கள், லேப்டாப், நகை, நாலு லிட்டர் தண்ணீர், சான்றிதழ்கள் அடங்கிய ஃபைல். வீட்டு வேலைக்கு வந்துகொண்டிருந்த மௌசி முதல் நாள் மதியம் அதைப் பார்த்தார். ஒரு கையால் தூக்கிப் பார்த்துவிட்டு, "தீதி, இதை யார் தூக்குவார்?" என்றார். நான் பதில் சொல்லவில்லை. கொஞ்சம் கோபம்கூட வந்தது.

மௌசி எரசமா பக்கத்துக்காரர். 1999 அக்டோபர் 29-ல் சூப்பர் சைக்ளோன் வந்தபோது ஜகத்சிங்பூர் மாவட்டத்தில் கடல் ஊருக்குள் ஏறி வந்ததே, அதில் மிக மோசமாக அடிபட்ட வட்டாரம். அன்றைய ஒரிசாவில் அரசுக் கணக்குப்படியே ஏறக்குறைய 10 ஆயிரம் பேர் இறந்தார்கள். அப்போது மௌசிக்கு இருபத்தைந்து வயது, இடுப்பில் ஒரு வயதுப் பெண். குழந்தையைச் சேலையால் மார்போடு கட்டிக்கொண்டு பள்ளிக்கூட மொட்டை மாடியில் ஏறி உயிர் பிழைத்தவர். தண்ணீர் வடிந்த பிறகும் நாட்கணக்கில் சாப்பாடு வரவில்லை, விழுந்து கிடந்த தேங்காய்தான் என்பார். அதற்கு மேல் அந்தக் கதையைச் சொல்லமாட்டார். நானும் கேட்டதில்லை.

ஃபானிக்கு அவர் குடிசைப் பகுதியிலிருந்து முகாமுக்குக் கொண்டுபோனது ஒரு துணி மூட்டை. அவல், வெல்லம், தண்ணீர் பாட்டில், எவர்சில்வர் கிண்ணம், டார்ச், பாலிதீன் கவரில் இரண்டு சுற்றுச் சுற்றிய ரேஷன் கார்டும் ஆதாரும், ஒரு பழைய சேலை. கட்டுவதற்கு, விரிப்பதற்கு, போர்த்துவதற்கு, குழந்தைக்குத் துணி கிழிப்பதற்கு அந்த ஒரு சேலை.

மறுநாள் காலை புரி அருகே புயல் கரையைக் கடந்தது. சற்று நேரத்தில் எங்கள் ஊரையும் பிடித்தது. முன்னறை ஜன்னல் சட்டத்தோடு பிய்த்துக்கொண்டு உள்ளே விழுந்தது. தரையெல்லாம் கண்ணாடி. மகள் வெறுங்காலோடு நிற்கிறாள். செருப்பு? வாசலுக்கு வெளியே, அதாவது காற்றில் எங்கேயோ. ஒரு தோளில் மகன், இன்னொரு கையில் அவளைத் தூக்கிக்கொண்டேன். பையை எதில் தூக்குவது? காலால் தள்ளிக்கொண்டு கதவுவரை வந்தேன். மாடிப்படி வீட்டுக்கு வெளியே, திறந்த படி. பையை அங்கேயே விட்டேன். எங்கள் மொத்தப் பயணமே பதினெட்டுப் படிதான். அந்தப் பதினெட்டுப் படிக்கு அந்தப் பை உதவவில்லை.

மாலையில் வீட்டுக்காரர் போய் எடுத்து வந்தார். தடுப்பூசி அட்டையில் மை கரைந்திருந்தது. பின்னால் பழைய பேப்பர்காரர் தராசில் வைத்துப் பார்த்தேன். ஈரம் காய்ந்த பிறகு, தண்ணீரையும் சேர்த்து, பதினாலு கிலோ.

நிஜமான சோதனை புயல் போன பிறகு. கரண்ட் இல்லை. கரண்ட் இல்லையென்றால் மோட்டார் இல்லை, மேல் தொட்டி காலி. செல்போன் சிக்னல் இல்லை, ஏ.டி.எம். இல்லை, கார்டு தேய்க்கிற மெஷின் இல்லை. என்னிடம் இருந்ததோ 2,000 ரூபாய் நோட்டு இரண்டு. மெழுகுவத்திக் கடைக்காரர் அதைப் பார்த்துச் சிரித்தார். அடிபம்பில் வரிசையில் நின்று கொண்டுவந்த தண்ணீரில் குடிக்க, சமைக்க, கழுவ. பாட்டிலைக் கொதிக்கவைப்பதில் சிக்கனம் பிடித்தேன். ஞாயிற்றுக்கிழமை மகனுக்கு வயிற்றுப்போக்கு.

பையில் ஆறு செட் துணி வைத்தவள் ஓ.ஆர்.எஸ். பொட்டலம் வைக்கவில்லை. வீட்டுக்கார அம்மா சுத்தமான ஒரு லிட்டர் தண்ணீரில் தலைதட்டி ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு கரைத்துக் கொடுத்தார். அந்த அளவை எழுதி வையுங்கள். உப்பு கூடினால் ஆபத்து. திங்கட்கிழமை மௌசி நடந்தே வந்தார். அவருடைய கூரை போயிருந்தது. வந்தவர் முதலில் செய்த வேலை, நாலு பாட்டிலையும் எடுத்து அலமாரியின் மேலே வைத்தது. தன் மூட்டையிலிருந்த கிண்ணத்தைக் கொதிநீரில் போட்டார். "உனக்குப் பால் இருக்கிறதா இல்லையா?" என்றார். குறைந்துவிட்டது என்றேன். "குடிக்கக் கொடு, வரும்" என்றார். அடிக்கடி கொடுக்கக் கொடுக்கச் சுரக்கும் என்பது மருத்துவர்களும் சொல்வதுதான். மறுநாள் அரசு சுகாதார நிலையத்தில் ஓ.ஆர்.எஸ்ஸும் 14 நாளைக்குத் துத்தநாக மாத்திரையும் கொடுத்தார்கள். புதன்கிழமை மகன் தெளிந்து சிரித்தான்.

பாட்டிலின் இடுக்கில் தங்கும் அழுக்கு போக வெந்நீர் தாராளமாக வேண்டும். பேரிடரில் இல்லாமல் போவதே அதுதான். திறந்த கிண்ணத்தைக் கழுவுவது சுலபம். நம் பாட்டிமார் சங்கில், பாலாடையில் புகட்டியதில் இந்த நியாயம் இருந்தது. 1992-ல் வந்த மத்திய அரசுச் சட்டம் பால்பவுடருக்கும் ஃபீடிங் பாட்டிலுக்கும் விளம்பரம் செய்வதைத் தடுக்கிறது. வெள்ள நிவாரணம் என்று பால்பவுடர் டின்களை வாரி வழங்கும் நல்ல மனசுக்காரர்கள் இதை ஒரு கணம் யோசிக்கலாம். தாய்ப்பாலுக்கு வழியே இல்லாத குழந்தைக்குப் பவுடர் வேண்டும்தான். அப்போதும் கிண்ணம், ஸ்பூன், கொதித்து ஆறிய தண்ணீர்.

ஒடிசா நிறையக் கற்றுக்கொண்டுவிட்டது. 1999-க்குப் பிறகு கடலோரம் நெடுகத் தூண்கள்மேல் நிற்கும் 800-க்கும் மேற்பட்ட புயல் காப்பகங்கள் எழுந்தன. 2024 அக்டோபரில் டானா புயல் வந்தபோது நாலாயிரத்துக்கும் மேற்பட்ட கர்ப்பிணிகளை முன்கூட்டியே ஆஸ்பத்திரிகளில் சேர்த்தார்கள். அவர்களில் 1,600 பேருக்குப் பிரசவமும் ஆகிவிட்டதாக முதல்வர் அறிவித்தார். அரசு அவ்வளவு செய்யும். பையை நாம்தான் கட்ட வேண்டும்.

இப்போது எங்கள் வீட்டில் இருப்பது முதுகில் மாட்டும் சின்னப் பை. இரண்டு கையும் குழந்தைக்கு வேண்டும் என்பதால் முதுகுப் பை. அவல், வெல்லம், ஓ.ஆர்.எஸ்., காய்ச்சல் சிரப், குழந்தையின் எடைக்கு எவ்வளவு என்று டாக்டர் எழுதிய சீட்டு, டார்ச், விசில், பத்தும் ஐம்பதும் நூறுமாகச் சில்லறை, கவரில் பிரதிகள். ஆளுக்கு ஒரு மாற்றுத் துணி. ஒரு பழைய சேலை. பெயரும் மூன்று போன் நம்பரும் எழுதிய அட்டை ஒவ்வொரு பிள்ளையின் சட்டைப் பைக்கும் ஒன்று. அடியில் 1098 என்ற எண், தவறிப்போன குழந்தைக்கு உதவ. தண்ணீர் தனியாக, மகள் தூக்கும் அளவுக்கு. செருப்பு மட்டும் பைக்கு வெளியே, படுக்கைக்குப் பக்கத்தில்.

இதில் ஒரு தொல்லை, பிள்ளைகள் வளர்ந்துகொண்டே இருக்கிறார்கள். போன வருஷம் திறந்து பார்த்தால் மகனின் சட்டை அவன் தொப்புளுக்கு மேல் நின்றது. சிரப் காலாவதி. ஏப்ரலில் ஒரு முறை, செப்டம்பரில் ஒரு முறை, அதாவது புயல் பருவம் இரண்டுக்கும் முன்னால், பிரித்துக் கட்டுகிறேன்.

பிரசுரத்தைத் தலைப்பு மாற்றி, 'கிளம்பும்போது கையோடு' என்று அனுப்பிவிட்டேன். தூக்கும் எடை பற்றிய வரி மேலே போயிற்று. டின் திறக்கும் கருவியை அடித்துவிட்டுச் சங்கைச் சேர்த்திருக்கிறேன். மூலத்தில் இல்லாததைச் சேர்த்ததற்கு விளக்கம் கேட்டு இதுவரை கடிதம் வரவில்லை.