தொப்பி போதும், ஹெல்மெட் கொடுங்கள்

ஜனவரி பிறந்தால் சாலைப் பாதுகாப்பு மாதம், ஜூன் 5 சுற்றுச்சூழல் தினம், ஆகஸ்ட் முதல் வாரம் தாய்ப்பால் வாரம், டிசம்பர் 1 எய்ட்ஸ் தினம். தேதிதான் மாறுகிறதே தவிர நிகழ்ச்சி நிரல் மாறுவதில்லை. மாணவர் பேரணி, அதிகாரி கொடியசைத்துத் தொடங்கி வைத்தல், உறுதிமொழி, துண்டுப் பிரசுரம், முடிவில் ஆளுக்கொரு தொப்பியோ பேட்ஜோ பேனாவோ கீ செயினோ. கல்யாண வீட்டுத் தாம்பூலப் பை போல, வந்தவர் வெறுங்கையோடு போகக் கூடாது என்ற நல்லெண்ணம் இதில் இருக்கலாம். ஆனால் தாம்பூலப் பை வாங்கியவர் வீட்டுக்குப் போய் எதையும் செய்ய வேண்டியதில்லை. விழிப்புணர்வு நிகழ்ச்சிக்கு வந்தவர் செய்தாக வேண்டும். அன்பளிப்பே கூடாது என்று நாம் சொல்லவில்லை. கொடுக்கத்தான் வேண்டும், இப்போது கொடுப்பதைவிடக் கூடுதலாகவே. ஆனால் எந்தக் காரியத்தைச் செய்யச் சொல்கிறோமோ அதற்குத் தேவையான பொருளாக அது இருக்க வேண்டும். அல்லது அந்தக் காரியத்தைச் செய்த கையோடு கொடுப்பதாக இருக்க வேண்டும். இரண்டிலும் சேராத அன்பளிப்பு, விழிப்புணர்வின் பெயரில் கணக்கெழுதப்படும் விளம்பரச் செலவு.

அரியலூர் மாவட்டத்து மீன்சுருட்டியை வைத்தே இதைப் பார்க்கலாம். திருச்சியிலிருந்து சிதம்பரம் செல்லும் தேசிய நெடுஞ்சாலையும், விக்கிரவாண்டியிலிருந்து கும்பகோணம் வழியாகத் தஞ்சாவூர் செல்லும் தேசிய நெடுஞ்சாலையும் சந்திக்கிற ஊர் இது. அரியலூர் சிமென்ட் ஏற்றிய லாரிகள், கங்கைகொண்ட சோழபுரம் பார்க்க வரும் வேன்கள், வெளியூர்ப் பேருந்துகள் எல்லாம் ஓடும் சாலையில்தான், ஜெயங்கொண்டத்துக்கோ காட்டுமன்னார்கோவிலுக்கோ ஒரு வேலையாகக் கிளம்பும் சுற்றுக் கிராமத்து மக்களும் பைக்கில் ஏற வேண்டியிருக்கிறது. நான்கு வழிச்சாலை வந்தபின் லாரியின் வேகம் கூடியிருக்கிறது. பைக்கில் போகிறவரின் தலை அதே தலைதான். மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் கணக்குப்படி 2022இல் தமிழ்நாட்டில் 64,105 விபத்துகள். இறந்தவர்கள் 17,884 பேர். விபத்து எண்ணிக்கையில் நாட்டிலேயே முதலிடம் நமக்கு. அதே ஆண்டில் நாடு முழுவதும் ஹெல்மெட் அணியாமல் இறந்தவர்கள் 50,029 பேர். அதில் 14,337 பேர் பின்னால் உட்கார்ந்து வந்தவர்கள். ஹெல்மெட் அணிந்தால் மரண வாய்ப்பு ஏறத்தாழ 42 விழுக்காடும் தலைக்காய வாய்ப்பு 69 விழுக்காடும் குறைகிறது என்று பல நாட்டு ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள் 2008இல் சொன்னார்கள். வாசகம் அச்சிட்ட துணித் தொப்பி என்ன குறைக்கிறது? வெயிலை, அதுவும் அரைகுறையாக.

ஹெல்மெட்டும் இலவசமாகத் தரப்படுவதுண்டு, மறுப்பதற்கில்லை. எப்படித் தருகிறார்கள் என்பதைத்தான் கவனிக்க வேண்டும். மேடையில் சிலரை வரிசையாக நிறுத்தி, எல்லோருக்கும் ஒரே அளவு ஹெல்மெட்டைக் கொடுத்துப் படம் எடுப்பது வழக்கம். தலைச் சுற்றளவு 58 செ.மீ. உள்ளவருக்கு ஓர் அளவு, 60 செ.மீ. உள்ளவருக்கு வேறு அளவு. பொருந்தாத ஹெல்மெட் முதல் வளைவிலேயே கண்ணை மறைக்கும். மறுநாளே கழன்று பெட்ரோல் டேங்க் மீது உட்காரும். தாடைப் பட்டையை எப்படி இழுத்து லாக் செய்வது என்று சொல்லிக் கொடுக்க மேடையில் யாருக்கும் நேரம் இருப்பதில்லை. பட்டை மாட்டாத ஹெல்மெட், விழும்போது தலைக்கு முன்பாகவே தரையைத் தொட்டுவிடும். 2021 ஜூன் 1 முதல் ஐ.எஸ்.ஐ. முத்திரை இல்லாத ஹெல்மெட்டைத் தயாரிப்பதும் விற்பதும் நாட்டில் குற்றம். ஆகவே கொடுப்பவர் முதலில் பார்க்க வேண்டியது பின்பக்கத்து முத்திரையை. அதன் பிறகு வேண்டுமானால் தன் பெயரை எங்கே ஒட்டலாம் என்று யோசிக்கட்டும்.

ஜனவரியில் இந்தப் பக்கம் கரும்பு வெட்டும் காலம். சேத்தியாத்தோப்பு எம்.ஆர்.கே. கூட்டுறவு சர்க்கரை ஆலையை நோக்கிக் கரும்பு ஏற்றிய டிராக்டர்கள் இரவிலும் போகும். டிரெய்லரின் டெயில் லைட் எரிந்தாலும், பின்னால் தொங்கும் தோகை அதை மூடிவிடும். பின்னால் பைக்கில் வருகிறவருக்கு முன்னே ஒரு வண்டி போகிறது என்பதே தெரியாது. நல்ல தரமான ஒளிரும் ஸ்டிக்கரைத் தோகை மறைக்காத இடத்தில், டிரெய்லரின் இரு ஓரத்திலும் ஒட்டிவிட்டால், ஹெட்லைட் வெளிச்சம் பட்டதும் தூரத்திலேயே சிவப்பாகத் தெரியும். அன்பளிப்புக்கு இதைவிட நல்ல பொருள் இல்லை. வாங்கியவர் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டியதில்லை, மனம் மாற வேண்டியதில்லை, உறுதிமொழியும் எடுக்க வேண்டியதில்லை. ஒட்டிய நிமிடத்திலிருந்து அது தன் வேலையைச் செய்யும். சாலைப் பாதுகாப்பு மாதமும் கரும்புப் பருவமும் ஒன்றாக வருகிற வட்டாரத்தில், ஆலை வாசலில் நிற்கும் டிராக்டர் வரிசையை விட்டுவிட்டுப் பள்ளி மைதானத்தில் பேனா கொடுப்பதற்கு என்ன பொருள்? பள்ளியில் படம் நன்றாக வரும் என்பதைத் தவிர வேறு காரணம் நமக்குத் தெரியவில்லை.

சிறு அன்பளிப்பு மனிதரின் நடத்தையை மாற்றுமா என்பது வெறும் கருத்து விவகாரம் அல்ல, சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். ராஜஸ்தானின் உதய்ப்பூர் மாவட்டத்தில் சேவா மந்திர் அமைப்புடன் சேர்ந்து அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டுஃப்லோ முதலியோர் நடத்திய ஆய்வு 2010இல் வெளியானது. எந்த ஏற்பாடும் செய்யாத கிராமங்களில் முழுத் தடுப்பூசி பெற்ற குழந்தைகள் 6 விழுக்காடுதான். மாதந்தோறும் தவறாமல் முகாம் நடந்த கிராமங்களில் 18. அதே முகாமில் ஒவ்வொரு ஊசிக்கும் ஒரு கிலோ பருப்பும், எல்லா ஊசியும் முடிந்ததும் சாப்பாட்டுத் தட்டுகளும் கொடுத்த கிராமங்களில் 39. பருப்புச் செலவையும் சேர்த்த பிறகும், ஒரு குழந்தைக்கு ஆன செலவு பருப்பு கொடுத்த முகாம்களில்தான் குறைவாக இருந்தது. செவிலியர் சும்மா காத்திருந்த நேரம் குறைந்ததே காரணம். இதோடு அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்தை ஒப்பிடலாம். 2021இல் கொரோனா தடுப்பூசி போட்டுக்கொண்டவர்களுக்குக் குலுக்கலில் பத்து லட்சம் டாலர் பரிசு என்று அறிவித்தார்கள். அதனால் தடுப்பூசி வேகம் கூடியதற்கு ஆதாரம் இல்லை என்று பாஸ்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அதே ஆண்டில் எழுதினார்கள். யாரோ ஒருவருக்குக் கிடைக்கப்போகிற கோடியைவிட, போனால் நிச்சயம் கிடைக்கும் ஒரு கிலோ பருப்புக்கு வலு அதிகம். 2021 அக்டோபரில் கரூர் மாவட்ட நிர்வாகமும் தடுப்பூசி முகாமுக்கு வாஷிங் மெஷின், கிரைண்டர், மிக்ஸி என்று குலுக்கல் பரிசு அறிவித்தது. அந்த நேரத்து அக்கறையைக் குறை சொல்ல மாட்டோம். ஆனாலும் அந்தப் பணத்தை ஆளுக்குக் கொஞ்சமாகப் பங்கிட்டிருந்தால் பலன் கூடியிருக்கும் என்றே தோன்றுகிறது.

பொருளும் நேரமும் பொருந்தி வந்த திட்டங்கள் வெளிநாட்டிலும் இருக்கின்றன, நம்மிடமும் இருக்கின்றன. பின்லாந்து 1938 முதல் பிள்ளை பெறும் தாய்மாருக்குக் குழந்தைத் துணிகள் அடங்கிய பெட்டி கொடுக்கிறது. 1949 முதல் வசதி பார்க்காமல் எல்லோருக்கும். நான்காம் மாதம் முடிவதற்குள் மருத்துவப் பரிசோதனைக்கு வந்திருக்க வேண்டும் என்பதுதான் நிபந்தனை. நம் மாநிலத்தில் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவித் திட்டத்தில் தரப்படும் ஊட்டச்சத்துப் பெட்டகத்தின் தர்க்கமும் இதுவே. காலத்தோடு கர்ப்பத்தைப் பதிவு செய்து பரிசோதனைக்கு வருகிறவர் கையில் பெட்டகம் போய்ச் சேர்கிறது. இதற்குப் பேரணி இல்லை, கொடியசைப்பு இல்லை. ஆரம்ப சுகாதார நிலையத்தில் கிராம சுகாதார செவிலியர் பதிவேட்டைப் பார்த்துக் கொடுக்கிறார், அவ்வளவுதான்.

இலவசமாகக் கொடுத்தால் மதிப்பு இருக்காது, கொஞ்சமாவது விலை வைத்தால்தான் பயன்படுத்துவார்கள் என்ற ஆட்சேபம் உடனே வரும். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் கென்யாவில் கர்ப்பிணிகளுக்குக் கொசுவலை கொடுத்து ஜெசிக்கா கோஹென், பாஸ்கலின் டுபாஸ் இருவரும் செய்த ஆய்வு வேறு சேதி சொல்கிறது. இலவசமாக வாங்கியவர்கள் காசு கொடுத்து வாங்கியவர்களைவிடக் குறைவாகப் பயன்படுத்தியதாகத் தெரியவில்லை. விலையை வெறும் 60 சென்ட் ஆக்கியதும் வாங்கியவர் எண்ணிக்கைதான் 60 விழுக்காட்டுப் புள்ளிகள் விழுந்தது. மலேரியா வரும் ஊரில் கொசுவலை தேவையான பொருள், ஆகவே இலவசமாக வந்தாலும் கட்டினார்கள். மேசை இழுப்பறையில் ஏற்கெனவே நாலு பேனா கிடக்கிறவருக்கு ஐந்தாவது பேனாவின் மதிப்பு விலை வைத்தாலும் ஏறாது.

நினைவுப் பொருள் செய்தியை நினைவூட்டிக்கொண்டே இருக்கும் என்பது அடுத்த வாதம். 1991இல் நியூயார்க் கலைஞர்கள் உருவாக்கிய எய்ட்ஸ் சிவப்பு ரிப்பனைச் சான்று காட்டுவார்கள். அது உண்மையிலேயே வென்றது, ஏனென்றால் பேசவே கூசிய ஒரு நோயைப் பற்றி ‘நான் உங்கள் பக்கம்’ என்று வெளிப்படையாகச் சொல்வதே அன்று செய்ய வேண்டிய காரியமாக இருந்தது. ரிப்பனைக் குத்திக்கொண்டதே அந்தக் காரியம். தமிழ்நாட்டில் அதே நோய்க்காக 2000களின் தொடக்கத்தில் சுவரெங்கும் ‘புள்ளிராஜாவுக்கு எய்ட்ஸ் வருமா?’ என்று எழுதப்பட்டபோது, அந்தக் கேள்வி பரவ அன்பளிப்பு தேவைப்படவில்லை. டீக்கடையெல்லாம் அதே பேச்சு. செய்திக்குத் தானே நடக்கும் கால் இருந்தால் கீ செயினில் ஏற வேண்டியதில்லை. மஞ்சப்பையும் இந்த இடத்தில் யோசிக்கத் தக்கது. ஜவுளிக்கடையும் கல்யாண வீடும் பெயர் அச்சிட்டுக் கொடுத்த விளம்பரப் பொருள்தான் அது. காய்கறி சுமக்க உதவியதால் விளம்பரம் மங்கிப் பை நிலைத்தது. 2021 டிசம்பர் 23 அன்று ‘மீண்டும் மஞ்சப்பை’ இயக்கத்தை அரசு தொடங்கியது சரியான காரியமே. ஆனால் ஒரு பருத்திப் பையை 50 முதல் 150 முறை பயன்படுத்தினால்தான் பருவநிலைக் கணக்கில் அது பிளாஸ்டிக் பையை முந்தும் என்கிறது ஐ.நா. சுற்றுச்சூழல் அமைப்பின் 2020 அறிக்கை. ஒவ்வொரு விழாவிலும் புதுப் பை கொடுத்து வீட்டில் பத்துப் பை அடுக்கினால் அந்தக் கணக்கு ஒருநாளும் தேறாது. துணி போலத் தெரியும் ‘நான்-ஓவன்’ பையில் போட்டு மரக்கன்று கொடுப்பது இன்னும் வேடிக்கை. அந்தப் பை பாலிபுரோப்பிலீன் என்னும் பிளாஸ்டிக்.

பெயர் போடாவிட்டால் நன்கொடையாளர் வரமாட்டார் என்பதுதான் நடைமுறையில் மிகப் பெரிய தடை. இதற்குச் சட்டமே ஓரளவு பதில் சொல்லியிருக்கிறது. கம்பெனிகள் சட்டம் 2013இன்படி லாபத்தில் 2 விழுக்காட்டைச் சமூகப் பொறுப்புக்குச் செலவிடும் நிறுவனங்கள், தங்கள் பொருளுக்குச் சந்தை தேடித் தரும் ஸ்பான்சர்ஷிப்பை அந்தக் கணக்கில் காட்ட முடியாது. மாரத்தான், விருது விழா, விளம்பரம் போன்ற ஒருநாள் நிகழ்ச்சிகள் அதில் சேராது என்று 2014 ஜூன் சுற்றறிக்கையும் சொன்னது. அன்பளிப்பின் வலிமையை அரசு வேறோர் இடத்தில் இன்னும் கூர்மையாக உணர்ந்திருக்கிறது. குழந்தைப் பால்மாவு, பால்புட்டி விற்பவர்கள் தாய்மாருக்கு இலவச மாதிரியோ பரிசோ தரக் கூடாது என்று 1992ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது. அன்பளிப்பு ஆளை மாற்றும் என்பதால்தானே இந்தத் தடை? அப்படியானால் யார் கொடுக்கிறார், என்ன கொடுக்கிறார் என்பது அலட்சியமாக விடத்தக்க விஷயம் அல்ல. சிமென்ட் ஆலைகள் நிறைந்த அரியலூர் மாவட்டத்தில் சமூகப் பொறுப்பு நிதிக்குப் பஞ்சம் இருக்காது. ஹெல்மெட்டின் பின்புறம் சிறிய எழுத்தில் நிறுவனத்தின் பெயர் இருந்துவிட்டுப் போகட்டும். அது ஐந்தாறு ஆண்டுகள் சாலையில் ஓடும் விளம்பரம், ஒரே நாளில் கிழியும் ஃபிளெக்ஸைவிட லாபம்தான்.

விதியை மீறுகிறவருக்கே பரிசா, அபராதம் போட்டால் தானாக அணிய மாட்டார்களா என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். அபராதம் வேண்டும். ஹெல்மெட் கட்டாயம் என்று 2015 ஜூலை 1 முதல் சென்னை உயர் நீதிமன்றம் கண்டிப்புக் காட்டியபோது கடைகளில் கூட்டம் அலைமோதியது. சோதனை தளர்ந்ததும் தலைகள் மறுபடி வெறுமையாயின. தமிழ்நாட்டில் 2022 அக்டோபர் முதல் அபராதம் 1,000 ரூபாய், பின்னால் இருப்பவருக்கும் சேர்த்து. ஏறக்குறைய ஒரு நல்ல ஹெல்மெட்டின் விலை அது. பணம் கட்டியவர் அதே வெறுந்தலையோடு வண்டியை எடுத்துக்கொண்டு போகிறார் என்றால் கருவூலத்துக்கு லாபம், அவர் உயிருக்கு ஒன்றுமில்லை. முதல் முறை பிடிபடுகிறவருக்கு அபராதமும் போடட்டும், அங்கேயே அளவு பார்த்து ஒரு ஹெல்மெட்டும் கொடுக்கட்டும். இரண்டாம் முறை அபராதம் மட்டும். ஒழுங்காக அணிந்து வருகிறவர் ஏமாந்துபோகாமல் இருக்க, அவர் வீட்டில் பின்னிருக்கையில் வருகிறவருக்கு இரண்டாவது ஹெல்மெட் கொடுக்கலாம். இறந்தவர்களில் பின்னிருக்கைக்காரர்கள் எத்தனை பேர் என்பதை மேலே பார்த்தோம்.

வரும் ஜனவரியில் வட்டாரப் போக்குவரத்து அலுவலகமும் காவல் துறையும் மீன்சுருட்டிக்கென்று ஒதுக்கும் தொகையில் தொப்பி, பேட்ஜ், பேனா வரிகளை அடித்துவிட்டு ஐ.எஸ்.ஐ. ஹெல்மெட், ஒளிரும் ஸ்டிக்கர் என்ற இரண்டு வரிகளை மட்டும் எழுதட்டும். எத்தனை கொடுத்தோம் என்பதை அறிக்கையில் எழுதுவது எளிது. அதோடு, பொருள் கொடுப்பதற்கு முந்தைய வாரத்தில் ஒரு வேலைநாள் காலையிலும், பிறகு மார்ச் மாதத்தில் அதே போன்ற ஒரு நாளிலும், கூட்டுச்சாலையில் ஒரு மணி நேரம் நின்று கடந்து போகும் இருசக்கர வாகனங்களில் எத்தனை தலையில் ஹெல்மெட் இருக்கிறது, எத்தனை பட்டை மாட்டியிருக்கிறது என்று எண்ணி, இரண்டு எண்களையும் அலுவலக அறிவிப்புப் பலகையில் ஒட்ட வேண்டும்.