டயரும் இடம் மாறட்டும்!

இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி. (இயற்பியல்) மாணவன்

டயர் தேய்ந்துவிட்டால் ஓட்டுநரைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது வண்டி முதலாளிகளின் வழக்கம். "பிரேக்கை மிதித்தே தேய்த்துவிட்டாய்!" என்று கூலியில் பிடித்துக்கொள்வார்கள். ஜெகதாப்பட்டினத்திலிருந்து ஐஸ் மீன் ஏற்றிச் செல்லும் வண்டியோட்டி ஒருவரின் மகன் நான். ஆகவே இந்த வழக்கில் எனக்கும் பங்குண்டு. ஆனால் சாட்சிக்கு நான் அழைப்பது என் தந்தையாரை அன்று, ஒரு பழைய ஸ்போர்ட்ஸ் காரை!

1962இல் இங்கிலாந்தில் வெளிவந்த டிரையம்ப் ஸ்பிட்ஃபயர் அது. அந்நியம் என்று எண்ண வேண்டாம். சென்னையில் ஸ்டாண்டர்டு மோட்டார் நிறுவனம் தயாரித்து வந்த ஹெரால்டு காரை நம் பெரியவர்கள் அறிவார்கள். அந்த ஹெரால்டின் அடிச்சட்டத்தைக் குறுக்கியே ஸ்பிட்ஃபயரை உருவாக்கினார்கள். எஞ்சின் முன்னால், வண்டியைத் தள்ளுவது பின் சக்கரங்கள். திரும்பும் வேலையும், நிறுத்தும் வேலையில் பெரும்பகுதியும் முன் டயர்களுக்கு. அவற்றின் ஓரங்கள் தேயும். பழசாகிப் பின்புற ஸ்பிரிங் பட்டை தளர்ந்தாலோ, பின் சக்கரங்களின் மேற்பகுதி உள்நோக்கிச் சாய்ந்து உள்விளிம்பு முதலில் போய்விடும். எத்துணை கெட்டிக்காரர் ஓட்டினாலும் இதுதான் கதி. நியூட்டனின் விதிகளுக்கு முதலாளி, தொழிலாளி தெரியாது!

இதற்காகத்தான் ஏறத்தாழ 8,000 முதல் 10,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை டயர்களை இடம் மாற்றுகிறார்கள். ஸ்பிட்ஃபயரில் நான்கும் ஒரே அளவு. முன்னதைப் பின்னுக்குப் போடலாம். 1975இல் வந்த போர்ஷே 911 டர்போவில் பின் டயர் அகலமானது. அங்கே அது நடவாது. சுழலும் திசை காட்டும் அம்புக்குறி உள்ள டயரை இடப்புறத்திலிருந்து வலப்புறம் மாற்றலும் ஆகாது.

மாற்றுமுன் டயரைப் படிக்க வேண்டும் என்பேன். இரு ஓரமும் தேய்ந்தால் காற்று குறைவு. நடுப்பகுதி மட்டும் தேய்ந்தால் காற்று மிகுதி. ஒரே ஓரம் என்றால் சக்கரத்தின் நேர்ப்பாடு கெட்டிருக்கிறது. அதைச் சரிசெய்யாமல் இடம் மாற்றினால் அடுத்த டயரும் பலியாகும். (கொட்டகையிலேயே நிற்கும் பழைய காருக்கு வேறு தொல்லை: தேயுமுன்பே ரப்பர் கிழமாகிவிடும். டயரின் பக்கவாட்டில் 2319 என்றிருந்தால் அது 2019ஆம் ஆண்டின் 23ஆம் வாரத்தில் பிறந்தது. பட்டன் அழியாததை நம்பி ஓட்டலாகாது.)

இத்தனை கவனமும் ஞாயிற்றுக்கிழமை மட்டும் வெளியே வரும் காருக்குக் கிடைக்கிறது. கிழக்குக் கடற்கரைச் சாலையில் இரவெல்லாம் ஓடும் நம் மீன் வண்டிக்கு? போகும்போது பின்புறம் நிறையப் பாரம், வரும்போது வெறும் பெட்டிகள். காற்றளவோ இரண்டுக்கும் ஒன்றே! டயர் வெடித்தால் உயிர் போவது யாருக்கு?

பத்து ரூபாய் நோட்டுப் புத்தகம் ஒன்று போதும். எந்த டயர், எந்த இடத்தில், எத்தனை கிலோமீட்டர் ஓடியது, என்று இடம் மாறியது, காற்று எவ்வளவு என்று முதலாளி எழுதி வைக்கட்டும். கூலியில் கை வைக்குமுன் அந்த நோட்டை ஓட்டுநரிடம் காட்டட்டும். நோட்டு இல்லையேல் பிடித்தமும் இல்லை.