‘அளித்தல் வேண்டும்’ என்ற சொல்லும் 1,300 நாளும்

சட்டமொழியில் வினைமுற்றுக்கு எடை உண்டு. ‘அளிக்கலாம்’ என்பது விருப்பம். ‘அளித்தல் வேண்டும்’ என்பது கட்டளை. இந்தியச் சட்டங்களைத் தமிழாக்குவோர்கூட இவ்விரண்டையும் கவனமாகப் பிரித்தே எழுதுவர். அமெரிக்கக் கருவூலத் துறை 2019இல் இந்த வேறுபாட்டை அழித்தது. அறியாமையால் அன்று, தெரிந்தே அழித்தது.

அந்தக் கட்டளை 1924ஆம் ஆண்டின் வருவாய்ச் சட்டத்தில் பிறந்தது. ஹார்டிங் ஆட்சியில், கடற்படைக்கென ஒதுக்கப்பட்ட எண்ணெய் வயல்களைக் கையூட்டுப் பெற்றுக்கொண்டு குத்தகைக்கு விட்ட டீபாட் டோம் ஊழல் அம்பலமாகியிருந்த நேரம் அது. அதுவரை ஒருவரின் வரிக்கணக்கைக் காட்டுவதா, மறைப்பதா என்பது அதிபரின் அனுமதியைப் பொறுத்திருந்தது. நிர்வாகத்தை ஆராய வேண்டிய அவை அதே நிர்வாகத்தின் வாசலில் கையேந்தி நிற்பதா என்ற கேள்வி எழுந்தது. வரிக் குழு கேட்டால் எவருடைய வரிக்கணக்கையும் கருவூலச் செயலர் அளித்தல் வேண்டும் என்பதே காங்கிரஸ் எழுதிய விடை. ‘அதிபர் நீங்கலாக’ என்ற தொடர் அதில் எங்கும் இல்லை.

2019 ஏப்ரல் 3 அன்று பிரதிநிதிகள் அவையின் வழிவகைகள் குழுத் தலைவர் ரிச்சர்ட் நீல், டொனால்ட் டிரம்பின் ஆறாண்டு வரிக்கணக்குகளைக் கேட்டுக் கடிதம் எழுதினார். பதவியிலிருக்கும் அதிபரின் கணக்கை வரித்துறை கட்டாயமாகத் தணிக்கை செய்யும் வழக்கம் 1977 முதல் இருக்கிறது. அது சட்டத்தால் வந்ததன்று. துறையின் கையேட்டில் உள்ள விதி மட்டுமே. அதிபருக்குக் கீழ்ப்பட்ட துறை அதிபரையே தணிக்கை செய்வது உண்மையில் நடக்கிறதா, அதற்குத் தனிச் சட்டம் தேவையா என்று அறியவே கணக்குகள் வேண்டும் என்றார் நீல். மே 6 அன்று கருவூலச் செயலர் ஸ்டீவன் மனூச்சின் மறுத்தார். கோரிக்கைக்கு முறையான சட்டமியற்றும் நோக்கம் இல்லையாம். மக்களால் தேர்ந்தெடுக்கப்பட்ட அவையின் நோக்கத்தை எடைபோடும் தராசு, ஆராயப்படுபவரால் நியமிக்கப்பட்ட ஒருவரின் கைக்கு எப்படிப் போனது? சட்டத்தில் அப்படி ஒரு தராசே இல்லை.

அவை வழக்குத் தொடுத்தது. பின்னர் நடந்ததைச் சுருக்கமாகச் சொன்னாலே போதும். வழக்கு நடந்துகொண்டிருக்கும்போதே ஆட்சி மாறியது. புதிய ஆட்சியின் நீதித்துறை, கணக்குகளைக் கொடுத்தே ஆக வேண்டும் என்றது. டிரம்ப் தடை கேட்டார். மாவட்ட நீதிமன்றம், மேல்முறையீட்டு நீதிமன்றம், உச்ச நீதிமன்றம் மூன்றிலும் தோற்றார். கணக்குகள் குழுவின் கைக்கு வந்தது 2022 நவம்பர் இறுதியில். ‘வேண்டும்’ என்ற ஒரு சொல் செயலாவதற்கு 1,300 நாள்களுக்கு மேல் ஆயிற்று. பிரதிநிதிகள் அவையின் ஆயுளோ இரண்டே ஆண்டுகள். அந்த அவையை வாதத்தில் வெல்லத் தேவையில்லை. காலத்தைக் கடத்தினால் போதும். உச்ச நீதிமன்றம் வரை சென்று தோற்றவரே உண்மையில் வென்றார்.

எதிர்த்தரப்பின் வாதங்கள் எல்லாமே அற்பமானவை அல்ல. வெளிப்படுத்துவதற்காகவே வெளிப்படுத்தும் அதிகாரம் காங்கிரசுக்கு இல்லை என்று 1957இல் வாட்கின்ஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது; 1950களின் கம்யூனிச வேட்டையில் விசாரணைக் குழுக்கள் தனிமனிதர்களின் வாழ்வைச் சிதைத்ததைப் பார்த்த பிறகு சொன்னது. அந்த எச்சரிக்கை இன்றும் தேவை. நீலுக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்த மாவட்ட நீதிபதியும், கணக்குகளை வெளியிடுவது விவேகமாக இல்லாமல் போகலாம் என்று அதே தீர்ப்பில் எச்சரித்தார். அவர் டிரம்பால் நியமிக்கப்பட்டவர். ஆயினும் விவேகம் வேறு, அதிகாரம் வேறு என்று பிரித்துக் காட்டும் நேர்மை அவரிடம் இருந்தது. ஆனால் வாட்கின்ஸ் ஒரு தொழிற்சங்கக்காரர். தன் பழைய தோழர்களைக் காட்டிக்கொடுக்க மறுத்த குடிமகனுக்கு எழுப்பிய வேலியை, படையையும் வரித்துறையையும் கையில் வைத்திருக்கும் அதிபருக்குக் குடையாகப் பிடிப்பது எவ்வகை நியாயம்? அந்தரங்கம் என்பது அரசிடமிருந்து குடிமகனுக்குக் கிடைக்க வேண்டிய காப்பு. அரசே குடிமகனிடமிருந்து அதைக் கோருவது சொல்லின் பொருளையே திரிப்பதாகும்.

அதிபர்களின் வரியில் மக்களுக்கு என்ன அக்கறை என்று கேட்போர் நிக்சனை மறந்துவிட்டனர். 1970ஆம் ஆண்டுக்கு அவர் செலுத்திய கூட்டாட்சி வருமான வரி 792 டாலர். இதை நாட்டுக்குச் சொன்னது சட்டமன்றமோ வரித்துறையோ அன்று. 1973இல் வரித்துறைக்குள்ளிருந்து கசிந்த தகவலைப் பெற்ற ராட் தீவு நாளிதழ் ஒன்று. துறை அந்தக் கணக்கை முன்பே பார்த்து ஏற்றிருந்தது. பின்னர் காங்கிரசின் கூட்டுக் குழு ஆராய்ந்தபோதுதான், அவர் ஏறத்தாழ 4,76,000 டாலர் பாக்கி வைத்திருப்பது தெரியவந்தது. அதிபருக்குக் கீழ்ப்பட்டவர்கள் காணாததை அவருக்குக் கட்டுப்படாதவர்கள் கண்டார்கள். மேற்பார்வை என்பதற்கு இதைவிடத் தெளிவான விளக்கவுரை தேவையில்லை.

அதே கதை திரும்பவும் நடந்தது. 2017ஆம் ஆண்டுக்கு டிரம்ப் செலுத்திய வரி 750 டாலர் என்பதை 2020இல் நியூயார்க் டைம்ஸ் வெளியிட்டது. அவையின் கடிதம் அப்போது நீதிமன்றத்தில் உறங்கிக்கொண்டிருந்தது. வரித்துறையின் ஒப்பந்தப் பணியாளர் ஒருவர் டிரம்பின் கணக்குகளோடு ஆயிரக்கணக்கான செல்வந்தர்களின் கணக்குகளையும் கசியவிட்டார். அது குற்றம்; 2024இல் ஐந்தாண்டுச் சிறைத் தண்டனை பெற்றார். அவருக்காக வாதாட வேண்டியதில்லை. ஆயினும் சட்டம் மறைக்கச் சொன்னதைக் கொடுத்தவர் சிறை சென்றார். சட்டம் கொடுக்கச் சொன்னதை மறைத்தவர்களுக்கு ஒரு டாலர் அபராதமும் இல்லை. அறியும் உரிமைக்கு நேர்வழி அடைபட்டால் சந்துவழிதான் திறக்கும். அந்தச் சந்தில் அதிபரின் கணக்கோடு மற்றவர்களின் அந்தரங்கமும் சேர்ந்தே இழுபட்டுப் போகும். அந்தரங்கத்தின் பேரால் 2019 கோரிக்கையை எதிர்த்தவர்கள் இதை எண்ணிப் பார்க்கவில்லை.

நாடாளுமன்ற முறையில் பிரதமர் அவையில் அமர்ந்திருக்கிறார். பதில் சொல்லாமல் நழுவலாம், ஆனால் கேள்வி அவர் முகத்துக்கு நேரே கேட்கப்படும். அமெரிக்க அதிபருக்குக் கேள்வி நேரம் கிடையாது. அவரிடம் கேட்பதற்குக் காங்கிரசுக்கு வாய்த்திருப்பவை ஆவணங்களே. அவற்றையும் மறுத்துவிட்டு, தேர்தலில் மக்கள் தீர்ப்பளிக்கட்டும் என்று சொல்வது, ஆவணங்களைப் பூட்டிவைத்துவிட்டு நடுவரிடம் தீர்ப்புக் கேட்பது போன்றது.

கடைசியில் கணக்குகளைத் திறந்து பார்த்தபோது குழு கண்டது என்ன? கட்டாயத் தணிக்கை டிரம்ப் பதவியேற்று ஈராண்டுகள் கழிந்தும் தொடங்கவில்லை. அது தொடங்கியது 2019 ஏப்ரல் 3 அன்று. நீல் கடிதம் எழுதிய அதே நாள். அவருடைய பதவிக்காலத்துக் கணக்குகளில் ஒன்றின் தணிக்கைகூட அவர் பதவி விலகும் முன் முடியவில்லை. இல்லாத நோக்கம் என்று மனூச்சின் எதைத் தள்ளினாரோ, அதுவே நிரூபணமாயிற்று. அதிபரின் கணக்கைத் தணிக்கை செய்வதைச் சட்டக் கடமையாக்கும் மசோதாவைப் பிரதிநிதிகள் அவை 2022 டிசம்பர் 22 அன்று 222-க்கு 201 என்ற வாக்குகளில் நிறைவேற்றியது. அந்தக் காங்கிரசின் ஆயுளில் அப்போது எஞ்சியிருந்தவை இரண்டு வாரங்கள்கூட இல்லை. செனட் அதைக் கையிலெடுக்கவே இல்லை; 2023 ஜனவரி 3 அன்று அது காலாவதியானது.