ராத்திரி இரண்டு மணி வேலைக்காரன்

பல பெரிய அலுவலகங்களில் ஊர் உறங்கும் நேரத்தில் ஒரு சின்ன புரோகிராம் கண் விழிக்கிறது. அன்றைய கணக்கு ஃபைல்களைப் படித்து, வேண்டாத வரிகளைக் கழித்து, காலையில் அதிகாரியின் மேஜைக்குப் போகவேண்டிய அறிக்கையைத் தயார் செய்கிறது. எழுதியவர் வேலை மாறிப் பல வருடங்கள் ஆகியிருக்கும். அது நிற்கிற நாளில்தான் அப்படி ஒன்று இருப்பதே மற்றவர்களுக்குத் தெரியும்.

இந்த ரகத்தில் மூத்த மொழிகளில் ஒன்று பெர்ல். லாரி வால் 1987-ல் வெளியிட்டார். ஷெல், ஸெட், ஆக் என்று தனித்தனிக் கருவிகளைக் கோத்துச் செய்ததை ஒரே மொழியில் முடிக்க வழி பிறந்தது. ஒரு காரியத்தைப் பல விதமாகச் செய்யலாம் என்பது பெர்லின் பெருமை. அடுத்தவர் எழுதியதைத் திருத்த உட்காரும்போது அதுவே தலைவலி. டாலர் குறி, சதவிகிதக் குறி, சாய்கோடு எல்லாம் பண்டிகை நாள் பஸ் போல நெரிசலாக நிற்கும்.

1991-ல் வந்த பைத்தான் நேர்மாறு. கைடோ வான் ரோஸம் அதில் ஒழுங்கைக் கட்டாயமாக்கினார். வரியின் முன்னால் விடும் இடைவெளிக்குக்கூட அர்த்தம் உண்டு. படிக்கச் சுலபம். இன்றைய கல்லூரி மாணவர்கள் பலர் அதிலிருந்துதான் தொடங்குகிறார்கள்.

ஆனால் நிம்மதி தந்தது எது? பைத்தானின் மூன்றாம் பதிப்பு 2008 டிசம்பரில் வந்தது. இரண்டாம் பதிப்பில் 7-ஐ 2-ஆல் வகுத்தால் 3. மூன்றாம் பதிப்பில் 3.5. பழைய பாணியில் அச்சிடச் சொன்னால் புதியது அந்த இடத்திலேயே முரண்டு பிடிக்கும். அது நல்ல குணம். வகுத்தல் முரண்டு பிடிக்காது. சத்தமில்லாமல் வேறு தொகையை எழுதிவிட்டுப் போய்விடும். பழைய பதிப்புக்கான ஆதரவு 2020 ஜனவரி 1-ல்தான் முடிந்தது. மாறிக்கொள்ள 11 வருடங்களுக்கு மேல் தேவைப்பட்டிருக்கிறது.

பெர்லிலும் ஆறாம் பதிப்பு 2000-ல் அறிவிக்கப்பட்டது. 2015-ல் வந்தது. 2019-ல் ராக்கு என்று பெயர் மாறித் தனிக்குடித்தனம் போய்விட்டது. அதனால் 1994-ல் வந்த பெர்ல் 5-க்கு எழுதிய ஸ்கிரிப்டுகள் பல இன்னும் அப்படியே ஓடுகின்றன.

புதியது வேண்டாம் என்று இதற்கு அர்த்தமில்லை. 'தமிழ்' என்ற சொல்லின் நீளத்தைக் கேளுங்கள். யுனிகோடின் யுடிஎஃப்-8 முறையில் சேமித்திருந்தால் பழைய பைத்தான் சாதாரணமாக 15 என்கும். அது பைட்டுகளை எண்ணுகிறது. புதியது 5 என்கும். இகரக் குறியையும் புள்ளியையும் தனியாக எண்ணுகிறது. நம் பள்ளிக்கூடத்துக் கணக்குப்படி 3 என்று சொல்வது ராக்கு. சரியாக எண்ணத் தெரிந்த பிள்ளையை வேலைக்கு வைப்பவர்கள்தான் குறைவு.

பழைய ஸ்கிரிப்டை மாற்றி எழுது என்று உத்தரவு போடும் மேலாளர்களுக்கு ஒரு வார்த்தை. மொழிபெயர்த்துக் கொடுக்க இன்று ஏஐ இருக்கிறது. ஆனால் குறிப்பிட்ட ஒரு கிளையின் கணக்கை மட்டும் 14-வது வரி ஏன் ஒதுக்குகிறது என்று அந்த வரி சொல்லாது. அந்தக் காரணம் வேறெங்கும் எழுதி வைக்கப்படாமல் இருக்கலாம். பழையதையும் புதியதையும் ஒரு மாதம் பக்கத்தில் பக்கத்தில் ஓடவிட்டு, மாதக் கடைசிக் கணக்கு உட்பட எல்லா விடைகளையும் ஒப்பிட்டுப் பார்க்கவேண்டும். வித்தியாசம் வந்தால் காரணத்தைத் தமிழிலோ ஆங்கிலத்திலோ இரண்டு வரி எழுதிவைக்க வேண்டும்.

இதற்குக் கைதட்டலோ பதவி உயர்வோ கிடைப்பது அபூர்வம். ஆனால் அந்த அறிக்கையில் இருப்பது யாரோ ஒருவரின் சம்பளம், யாரோ ஒருவரின் பென்ஷன்.