பெட்டிகளுக்கு நடுவே எவ்வளவு இடைவெளி?

ரயில் பெட்டிகளுக்கு நடுவே குனிந்து நுழைந்து திருகு கப்ளிங்கை இறுக்கும் தொழிலாளியை நம் வயதுக்காரர்கள் பலரும் பார்த்திருப்போம். பஃபரும் பஃபரும் முட்டும்வரை விடமாட்டார். மாடல் ரயில் ஓட்டும் என் போன்றவர்களுக்கும் அந்த நெருக்கத்தின் மேல்தான் ஆசை.

ஆசையில் நியாயம் உண்டு. பெரம்பூர் ஐ.சி.எஃப். பெட்டியின் உடல் நீளம் சுமார் 21.3 மீட்டர், பஃபரோடு 22.3. ஆக, இரண்டு பெட்டிகளுக்கு நடுவே ஒரு மீட்டர்கூட இல்லை. 87-ல் ஒரு பங்கான ஹெச்.ஓ. அளவில் அது 11 மில்லிமீட்டர். சாதாரண வளையக் கொக்கி 20 மில்லிமீட்டர் விட்டால், நிஜத்தில் அது 1.7 மீட்டர். ஒரு ஆள் காலை நீட்டிப் படுக்கலாம்!

அதற்காக எல்லாப் பெட்டியிலும் நெருக்கக் கப்ளிங் மாட்டலாமா? கூடாது என்பது என் கட்சி. நம் அகலப் பாதையில் 175 மீட்டருக்குக் குறைந்த ஆரத்தில் வளைவு போடுவதில்லை. அதை 87-ஆல் வகுத்தால் 2 மீட்டர். மேஜைமேல் நாம் போடுவதோ 36 சென்டிமீட்டர் ஆரம். அங்கே நெருக்கமாகக் கட்டிய பெட்டிகளின் உள்மூலைகள் இடித்துக்கொள்ளும். பின்னால் தள்ளினால் தடம் புரளும்.

இதற்கு வழி, பெட்டிக்கு அடியிலேயே இருக்கும் நகரும் அமைப்பு. நேர்ப்பாதையில் பெட்டிகளை ஒட்டி வைக்கும். வளைவில் கப்ளிங்கை வெளியே தள்ளி இடைவெளியைக் கூட்டும். மறுபடி நேரானதும் சிறிய ஸ்பிரிங் இழுத்துக்கொள்ளும். ஆனால் இரண்டு கப்ளிங்கும் ஆடாமல் ஒரே கம்பிபோல் பிடித்துக்கொண்டால்தான் இது வேலை செய்யும். தொளதொளவென்ற வளையக் கொக்கிக்கு இது பயன்படாது.

ஆகவே, பெட்டியைக் கவிழ்த்துப் பாருங்கள். நகரும் அமைப்பு இருந்தால் நெருக்கக் கப்ளிங் மாட்டலாம். இல்லையென்றால் பழைய கொக்கியே இருக்கட்டும். பென்ஷன் பணத்தில் ஒரேயடியாகப் பத்து ஜோடி வாங்காமல் முதலில் ஒரு ஜோடி வாங்கி, இருப்பதிலேயே சிறிய வளைவில் பின்னோக்கித் தள்ளிப் பாருங்கள். நின்றால் மற்றதை வாங்கலாம். ரயிலின் இரு கோடியிலும் மட்டும் சாதாரணக் கொக்கியை விட்டுவைத்தால் எந்த எஞ்சினையும் மாட்டலாம்.

போட்டோவுக்கு அழகாக நிற்கும் ரயிலைவிட, பேரப்பிள்ளைகள் ஓட்டும்போது கவிழாத ரயிலே எனக்கு உசத்தி.