ஸ்கூட்டிக்கு எந்தப் பற்றரி? தலவிலக் கரையிலிருந்து ஒரு கணக்கு

2025 பெப்ரவரியில் ஒன்பது நாட்களுக்குள் இரண்டு செய்திகள் வந்தன. 1ஆம் திகதி, 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட தனியார் வாகன இறக்குமதி மீண்டும் திறக்கப்பட்டது. 9ஆம் திகதி, பாணந்துறை உபமின்நிலையத்தில் குரங்கு ஒன்று பாய்ந்ததாகச் சொல்லப்பட்ட கோளாறினால் நாடு முழுவதும் மின்சாரம் போனது. நுரைச்சோலை அனல்மின் நிலையத்தின் மூன்று இயந்திரங்களும் நின்றன. அடுத்த நாட்களில் ஒன்றரை மணிநேர மின்வெட்டு அமுலானது.

இரண்டுக்கும் நடுவில் ஒரு பற்றரி இருக்கிறது. இனி வாங்கப்போகும் ஸ்கூட்டி பெற்றோலில் ஓடினாலும் மின்சாரத்தில் ஓடினாலும், அதன் ஆயுளைப் பற்றரிதான் தீர்மானிக்கப்போகிறது.

நுரைச்சோலைக்குப் பக்கத்தில், கற்பிட்டிக் குடாநாட்டின் கடற்கரையில் தலவில இருக்கிறது. ஓகஸ்ட் திருவிழாவுக்குத் தமிழரும் சிங்களவரும் ஒன்றாகக் கூடும் புனித அன்னம்மாள் திருத்தலம் அங்குதான் உள்ளது. அந்தத் திருத்தலத்துக்கு அருகில் நிலக்கரி மின்நிலையம் வேண்டாம் என்று கத்தோலிக்கத் திருச்சபை எதிர்த்தது. இருந்தும் 2011இல் முதல் இயந்திரம் இயங்கியது. 2014இல் 900 மெகாவாற் நிலையம் முழுமை பெற்றது. இதே குடாநாட்டிலும் புத்தளத்திலும்தான், 1990 ஒக்ரோபரில் விடுதலைப் புலிகளால் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம் குடும்பங்கள் பல குடியேறின. மீன்பிடியும் தோட்டச் செய்கையும் சிறு வியாபாரமும் நடக்கும் இந்த மணற்கரையில், மோட்டார் சைக்கிள் தொழிலுக்கான சாமான்.

எமக்குப் பற்றரி வெறும் உதிரிப்பாகமாக ஒருபோதும் இருந்ததில்லை. தொண்ணூறுகளில் வடக்குக்குப் பெற்றோலோடு பற்றரியும் தடை செய்யப்பட்டது. சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலி கேட்டோம். சில துளி பெற்றோலில் கிளப்பி, மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிள் ஓடியது. அந்தப் பொருளாதாரத் தடை 2002 ஜனவரியில்தான் நீங்கியது. அன்று பற்றரி கிடைக்கவில்லை. இன்று கடை நிறையக் கிடைக்கிறது. எதை எடுப்பது என்பதுதான் கேள்வி.

பழைய வண்டியும் புதிய வண்டியும்

இறக்குமதி நின்ற அதே காலத்தில், 2020 ஏப்ரலில், இந்தியாவில் பி.எஸ். 6 புகை விதி நடைமுறைக்கு வந்தது. அதன்பின் அங்கே தயாராகும் இருசக்கர வண்டிகளில் பெரும்பாலானவை காபரேற்றரை விட்டு, எரிபொருளைக் கணினி அளந்து தெளிக்கும் முறைக்கு மாறின. எனவே எங்கள் வீடுகளில் இருக்கும் 2020க்கு முந்திய வண்டிக்கும் இனி வரும் வண்டிக்கும் பற்றரியைப் பொறுத்தவரை ஒரு பெரிய வேறுபாடு உண்டு. கிக்கர் உள்ள பழைய காபரேற்றர் வண்டி, பற்றரி சோர்ந்தாலும் உதையில் கிளம்பும். புதிய முறையில் எரிபொருள் பம்பியும் கணினியும் பற்றரியை நம்பியிருக்கின்றன. பற்றரி செத்தால் வண்டி அந்த இடத்திலேயே நிற்கும்.

போரில் காலை இழந்த ஒருவருக்குக் கிக்கர் இருந்தும் பயனில்லை. செல்ப் ஸ்டார்ட்தான் அவருடைய கால். பிள்ளைகளைப் பள்ளிக்கு ஏற்றி, அப்படியே வேலைக்குப் போகும் தனித்த தாய்க்கும் ஒரு காலைப் பொழுது வண்டி நின்றால் ஒருநாள் சம்பளம் போகும்.

மூன்று வகை

பெற்றோல் வண்டிக்குக் கிடைப்பவை மூன்று. முதலாவது, நீர் ஊற்றும் ஆசிட் பற்றரி. விலை குறைவு. ஆனால் மாதம் ஒருமுறை மட்டம் பார்க்க வேண்டும். வடித்த நீர் மட்டுமே ஊற்ற வேண்டும். கிணற்று நீரில் உள்ள உப்பு தகட்டைக் கெடுக்கும், மேலதிக ஆசிட்டும் அப்படியே. வண்டி சரிந்தால் ஆசிட் கசியும்.

இரண்டாவது, மூடிய ஈயப் பற்றரி. கடைகளில் எம்.எப். என்பார்கள். நீர் ஊற்றத் தேவையில்லை, கசியாது. மணல் பாதையிலும் உப்புக் காற்றிலும் ஓடும் வண்டிக்கும், செல்ப் ஸ்டார்ட்டை நம்பியிருப்பவருக்கும் இதுவே பொருத்தம்.

மூன்றாவது, லிதியம் அயன் பொஸ்பேற். பாரம் ஈயத்தின் மூன்றில் ஒரு பங்கு அளவே; விலை பல மடங்கு. வண்டியின் சார்ஜ் வோல்ற்றளவு சீராக இல்லாவிட்டால் கெட்டுவிடும். பழைய வண்டிக்கு இதைப் போடுவது வீண் செலவு.

எதை எடுத்தாலும் வண்டியின் கையேட்டில் உள்ள ஆம்பியர் மணியும் பெட்டியின் அளவும் பொருந்த வேண்டும். கூட்டல் முனை எந்தப் பக்கம் என்பதையும் பார்க்க வேண்டும். பெயரிலுள்ள இலக்கத்தை மட்டும் நம்ப வேண்டாம்: ஒய்.ரி.எக்ஸ். 5 எல் என்ற வகை 5 அல்ல, 4 ஆம்பியர் மணி. தயாரித்த மாதத்தையும் பாருங்கள். ஆறு மாதத்துக்கு மேல் தட்டில் கிடந்ததைச் சார்ஜ் செய்து காட்டாமல் வாங்காதீர்கள்.

வாங்குமுன் அளந்து பாருங்கள்

கராஜில் பலர் பற்றரியை மாற்றிவிட்டு, மூன்று மாதத்தில் திரும்பி வருகிறார்கள். பல வேளை குற்றம் பற்றரியில் இல்லை. இரவு முழுக்க நின்ற வண்டியின் பற்றரி 12.6 வோல்ற் காட்டினால் நலம். 12.4க்குக் கீழே இறங்கினால் சார்ஜ் வேண்டும். 12க்குக் கீழே போனால் ஏறத்தாழ வெறுமை. இயந்திரத்தை ஓடவிட்டு மிதமாக முறுக்கும்போது 13.5 முதல் 14.5 வரை வர வேண்டும். வராவிட்டால் சார்ஜ் ஏறவில்லை. 15ஐத் தாண்டினால் ரெகுலேற்றர் பழுது. அதைத் திருத்தாமல் போடும் புதிய பற்றரியும் சாகும்.

கடற்கரையில் இன்னொரு எதிரி உப்பு. முனைகளில் பச்சை, வெள்ளைப் பூச்சு படியவிடாமல் துடைத்து, கிறீஸ் அல்லது வாஸ்லின் பூசினால் போதும். ஓடாமல் நிற்கும் ஈயப் பற்றரி தானாக வடிந்து, வடிந்த நிலையில் கிடந்தால் தகடு கெட்டியாகிவிடும். 2022 ஓகஸ்ட்டில் கியூ.ஆர். முறையில் மோட்டார் சைக்கிளுக்கு வாரம் 4 லீற்றர் பெற்றோல்தான் கிடைத்தது. அந்த நாட்களில் வண்டியோடு பற்றரியும் முடங்கியது. நெடுநாள் நிறுத்துவதானால் கழித்தல் முனையைக் கழற்றி வையுங்கள்.

மின்சார ஸ்கூட்டியின் கணக்கு

இங்கே பற்றரிதான் வண்டியின் பெரும் விலை. ஈயப் பற்றரித் தொகுதி பொதுவாக 300 முதல் 500 முறை நிறைத்து வடிக்கத் தாங்கும். லிதியம் அயன் பொஸ்பேற் 1500 முறைக்கு மேல் தாங்கும். ஒரு சார்ஜில் 40 கிலோமீற்றர் என்று வைத்தால், 400 முறைக்கு ஈயம் தருவது 16,000 கிலோமீற்றர். 1500 முறைக்கு லிதியம் தருவது 60,000. லிதியத்தின் விலை மூன்று மடங்காக இருந்தாலும், நீண்ட ஓட்டத்தில் அதுவே மலிவு. ஆனால் அந்தப் பணம் முதல் நாளே கையில் வேண்டும். கையில் காசில்லாதவர் மலிவானதை வாங்கி, அதையே மூன்று தடவை வாங்குகிறார். வறுமைக்கு எப்போதும் கூடிய விலை.

அதனால் மின்சார வண்டி வாங்குபவர் முதலில் கேட்க வேண்டியவை: பற்றரி எந்த வகை? உத்தரவாதம் எழுத்தில் எத்தனை ஆண்டு? தனிப்பற்றரியின் விலை என்ன? மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் பதிவு செய்ய முடியுமா? 2022 மார்ச் இறுதியில் நாளுக்கு 13 மணிநேரம் மின்சாரம் போனதை நாம் மறக்கவில்லை. பற்றரி பாதியாகும்போதே சார்ஜில் போடும் பழக்கம் அப்படிப்பட்ட நாளில் கைகொடுக்கும். ஈயப் பற்றரிக்கு ஆயுளும் கூடும்.

செத்த பற்றரி எங்கே போகிறது?

செனகலின் டாக்கார் அருகே தியாரோயில், பழைய பற்றரிகளிலிருந்து எடுத்த ஈயத்தால் 2007, 2008 காலத்தில் 18 குழந்தைகள் இறந்தார்கள். ஈயத்தில் பாதுகாப்பான அளவு என்று ஒன்று தெரியவில்லை என்கிறது உலக சுகாதார நிறுவனம். வலைக்கு ஈயக்குண்டு வார்க்கவென்றோ, சில்லறைக் காசுக்கென்றோ வீட்டு முற்றத்தில் பற்றரியை உடைக்கவோ உருக்கவோ கூடாது. புதியது வாங்கும் கடையிலேயே பழையதைக் கொடுத்து விலையில் கழியுங்கள்.

இது தனியாரின் கவனத்தோடு முடியும் விடயமும் அல்ல. வாகனத்தை இறக்குமதி செய்பவரிடம் வரி வாங்கும் அரசு, பற்றரிக்கான உத்தரவாதத்தையும் பழைய பற்றரியைத் திருப்பி எடுக்கும் கடமையையும் அவர்மேல் சுமத்த வேண்டும். நுரைச்சோலையின் புகைபோக்கியைத் தினமும் பார்த்து வாழும் மக்களுக்கு, அங்கே பிறக்கும் மின்சாரம் தங்கள் ஸ்கூட்டியை நம்பிக்கையோடு ஓட்டும் அளவுக்காவது வந்து சேர வேண்டும்.